முகில்வழிச் செய்தி

மன்னார்த் தீவின் வடகரையில், மன்னார் நகருக்கும் தலைமன்னாருக்கும் இடையே, பாக்குநீரிணையை நோக்கி அமைந்திருப்பது பேசாலை என்னும் கடற்றொழிற் கிராமம். ஆழங்குறைந்த அந்நீரிணையே அவ்வூரவர்க்கு வயல்; வலையும் வள்ளமுமே அவர்க்கு ஏரும் எருதும். மழைக்காக உழவன் ஒருநாள் பொறுத்திருந்தாலும் நிலம் அவனை விழுங்கிவிடாது. கடலோடியின் நிலை அத்தகையதன்று. காற்றுத் திரும்பும் என்னும் செய்தி மாலையிற் கிடைத்தால் அது உயிர் காக்கும். மறுநாட் காலையிற் கிடைத்தால் அழுவதற்கே பயன்படும். ஆகவே இக்கரையில் வாழ்வோருக்குச் செய்தி என்பது ஓர் அலங்காரப் பொருளன்று. அரிசியையும் மண்ணெண்ணெயையும் போன்று நாளாந்தத் தேவையாகும்.

செய்தி கடத்தும் தொழிலில் மன்னார்த் தீவுக்குப் பழைய தொடர்பு உண்டு. 1850களின் முடிவில் இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த தந்திக் கம்பி இத்தீவின் வழியாகவே கடலைக் கடந்தது. 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபோது தபாற் பைகளும் இவ்வழியே சென்றன. தந்தியின் காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு எண்ணப்பட்டது. அந்த எண்ணிக்கை செய்தியின் உருவத்தையே மாற்றிவிட்டது. கடிதத்தில் நலம் விசாரித்து, உறவு சொல்லி, ஊர்ப் புதினம் பேசியவர், தந்தியில் மூன்று நான்கு சொற்களோடு நின்றுகொண்டார். அச்சொற்களும் நெடுங்காலம் உரோம எழுத்துகளிலேயே சென்றன. தமிழனின் பிறப்பும் இறப்பும் கம்பியிற் செல்லும்போது வேற்றெழுத்தின் உடையை உடுத்தே சென்றன.

தந்தி மறைந்துவிட்டது. எனினும் எண்ணிக் காசு கேட்கும் வழக்கம் மறையவில்லை. இன்று அந்தக் கணக்கை வைத்திருப்பவை, உலகின் பெருநகரங்களிற் பிறந்து வளர்ந்த ஒருவகைப் புதிய நிறுவனங்கள். முகில்வழித் தொடர்பாடல் நிறுவனங்கள் என்பது அவற்றின் பெயர். அவை எவ்வாறு தோன்றின, எதனால் வளர்ந்தன, பேசாலை போன்ற ஒரு கரைக்கு அவற்றால் ஆவதென்ன என்பவை எண்ணிப் பார்க்கத்தக்க விடயங்கள்.

முகில் என்ற சொல் இங்கே எவ்வாறு வந்தது? தொலைபேசி வலையமைப்புகளைப் படமாக வரைந்த பொறியியலாளர், தம் கட்டடத்தினுள் இருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு, வெளியே உள்ள பகுதிக்கு வந்ததும் ஒரு முகிலின் உருவத்தை வரைந்துவிடுவர். அதனுள் எத்தனை கம்பி, எத்தனை நிலையம் என்ற விபரம் வரைபவருக்கு வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் இட்டது மறுபக்கத்தில் வெளிவந்தாற் போதும். பின்னர், தூரத்தில் எங்கோ இருக்கும் கணினிகளை வாடகைக்குப் பெற்று வேலை வாங்கும் முறைக்கும் அப்பெயரே நிலைத்தது. முகில் என்பது வானத்தில் இருப்பதன்று. வேறொருவருக்குச் சொந்தமான, நிலத்தில் உறுதியாக நிற்கும் கட்டடமொன்றிலேயே அது இருக்கிறது.

கணினி நிரல் எழுதும் ஒருவர் 2000ஆம் ஆண்டளவில் ஒரு சிறு கருமம் செய்ய விரும்பினார் என்று கொள்வோமாக. கடையில் ஒருவர் பொருளொன்றைக் கேட்டுப் பதிந்துவிட்டுப் போகிறார். பொருள் வந்து சேர்ந்ததும் அவருடைய தொலைபேசி தானாக மணியடித்து, பொருள் வந்துவிட்டது என்று சொல்லவேண்டும். கருமம் சிறிது, அதற்கான ஆயத்தமோ பெரிது. தொலைபேசிக் கம்பனியோடு உடன்படிக்கை எழுதவேண்டும். இணைப்புப் பெட்டி முதலிய கருவிகளை வாங்கவேண்டும். அக்கருவிகளின் மறைமொழி தெரிந்த தனி நிபுணரை அமர்த்தவேண்டும். மாதங்கள் ஓடும், பெருந்தொகை கரையும். முடிவில் கருமம் பயன்படுமா என்பது அதன் பின்னர்தான் தெரியவரும். இதனால் தொலைபேசியைத் தம் தொழிலோடு பிணைத்துக்கொள்ளும் ஆற்றல் வங்கிகளுக்கும் விமானக் கம்பனிகளுக்கும் உரியதாகவே இருந்தது.

இத்தடையைப் பலமுறை முட்டிப் பார்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஜெவ் லோசன். நுழைவுச் சீட்டு விற்கும் நிறுவனமொன்றைத் தொடங்கியவர்களோடும், வேறு வணிக முயற்சிகளிலும் உழைத்தவர். பின்னர் அமேசன் நிறுவனம் தன் கணினிகளை வாடகைக்கு விடத் தொடங்கிய காலத்தில் அங்கு பணியாற்றியவர். கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாமென்றால், தொலைபேசிக் கம்பியை ஏன் நிமிடக்கணக்கில் விடலாகாது என்பதே அவர் கொண்ட வினா. ஈவன் குக், ஜோன் வோல்ட்ஹுயிஸ் என்னும் இரு தோழர்களோடு 2008 இல் அவர் தொடங்கிய நிறுவனமே ட்விலியோ. அவ்வாண்டின் இறுதியில், உலகப் பொருளாதாரம் நிலைகுலைந்து கிடந்த வேளையில், அதன் முதற் சேவை வெளிவந்தது.

அச்சேவையின் எளிமையே அதன் வலிமையாயிற்று. நிரல் எழுதுவோருக்கு அந்நிறுவனம் முதலிற் கொடுத்தவை ஐந்து வினைச்சொற்கள். சொல், ஒலிக்கவிடு, திரட்டு, பதிவுசெய், இணை என்று அவற்றைத் தமிழிற் கூறலாம். எழுதிக் கொடுத்ததைக் குரலாக்கிச் சொல். வைத்திருக்கும் ஒலியை ஒலிக்கவிடு. கேட்பவர் அழுத்தும் இலக்கங்களைத் திரட்டு. அவர் பேசுவதைப் பதிவுசெய். இன்னொரு தொலைபேசியோடு இணை. தொலைபேசி கொண்டு மனிதர் செய்யும் கருமங்களிற் பெரும்பாலானவை இவ்வைந்தினுள் அடங்கிவிடுகின்றன. ஐந்து ஏவற் சொற்களைக் கற்ற ஒருவர், ஒரு பிற்பகலுக்குள் தம் கணினியைத் தொலைபேசியிற் பேச வைக்கலாம். கம்பி எங்கே செல்கிறது, எந்த நாட்டில் எந்தக் கம்பனியோடு உடன்படிக்கை என்பவற்றையெல்லாம் முகிலுக்குள் இருப்பவர் பார்த்துக்கொள்வார். 2010 இல் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்தது.

கட்டணம் வாங்கும் முறையும் புதியது. பேசாலையிலிருந்து கொழும்புக்கு மீன் அனுப்ப விரும்பும் சிறு வியாபாரி அதற்கென ஒரு லொறி வாங்குவதில்லை. இன்னொருவருடைய லொறியில் பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஏற்றிவிடுகிறார். மீன் பட்ட நாளிற் பத்துப் பெட்டி. படாத நாளில் ஒன்றுமில்லை. ட்விலியோவும் அதனையே செய்தது. நிமிடத்துக்கு இவ்வளவு, செய்திக்கு இவ்வளவு என்று ஒரு விலைப்பட்டியலை வெளிப்படையாகத் தொங்கவிட்டது. அமெரிக்காவினுள் அனுப்பும் ஒரு குறுஞ்செய்திக்கு அது பின்னர் கேட்ட விலை ஒரு சதத்திலும் குறைவு. நீண்ட உடன்படிக்கை இல்லை. மேலதிகாரியின் ஒப்பம் பெறும்வரை காத்திருக்கவேண்டிய தேவையும் நிரலாளருக்கு இல்லாது போயிற்று. பொருளை வாங்கத் தீர்மானிக்கும் உரிமை, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் முகாமையாளரிடமிருந்து, வேலையைச் செய்யும் இளைஞரின் கைக்கு வந்தது. தன் விற்பனையாளரை முகாமையாளரிடம் அனுப்புவதற்கு முன்னரே நிரலாளரின் மனத்தை வென்றதுதான் இந்நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அடிப்படை.

வளர்ச்சியின் அளவை இலக்கங்கள் காட்டும். 2013 இல் ஏறத்தாழ 5 கோடி டொலராக இருந்த ஆண்டு வருமானம் 2015 இல் 16 கோடியே 70 இலட்சம் டொலரளவுக்கு உயர்ந்தது. 2016 ஜூனில் நியூயோர்க் பங்குச் சந்தையில் நிறுவனத்தின் பங்கு 15 டொலர் விலையில் வெளியிடப்பட்டது. முதல் நாள் முடிவதற்குள் அவ்விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2019 இல் வருமானம் 100 கோடி டொலரைத் தாண்டியது. பெருந்தொற்றுப் பரவிய 2020 இல், கடைகளும் பாடசாலைகளும் மருத்துவமனைகளும் மக்களோடு தொலைவிலிருந்தே பேச நேர்ந்தபோது, இத்தகைய நிறுவனங்களின் தேவை பெருகிற்று. 2024 இல் ட்விலியோவின் வருமானம் 446 கோடி டொலர்.

ஆயினும் ஏற்றத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. எளிதாக ஏறி வந்த வாடிக்கையாளர் எளிதாக இறங்கியும் போகலாம் என்பது இத்தொழிலின் இயல்பு. 2015 இல் அந்நிறுவனத்தின் வருமானத்தில் 17 வீதம் வட்ஸ்அப் என்னும் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. 2017 இல், மற்றொரு பெரிய வாடிக்கையாளராகிய ஊபர் தன் அலுவலை வேறிடங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்போகிறது என்ற செய்தி வெளியானதும், பங்கின் விலை ஒரே நாளிற் காற்பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2021 இன் தொடக்கத்தில் 400 டொலரைத் தாண்டியிருந்த பங்கு, அடுத்த ஆண்டின் முடிவுக்குள் 50 டொலருக்கும் கீழிறங்கியது. 2022 செப்டெம்பரில் 11 வீதமான ஊழியரும், 2023 பெப்ரவரியில் 17 வீதமானோரும் வேலையிழந்தனர். 2024 ஜனவரியில் லோசன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார்.

பணக்கணக்கிலும் பெரிய படிப்பினை ஒன்று உண்டு. பலருடைய செய்திகள் ஒரே மடையினூடாகப் பாயும்போது, அம்மடையில் ஏற்படும் சிறு உடைப்பும் பலருடைய வயலைப் பாழாக்கும். 2022 ஆகஸ்டில், போலிக் குறுஞ்செய்திகளை அனுப்பி ட்விலியோவின் ஊழியர் சிலரை ஏமாற்றிய கள்வர், வாடிக்கையாளரின் தகவல்களுக்குள் நுழைந்தனர். இரகசியம் காப்பதற்கே பெயர்பெற்ற சிக்னல் என்னும் செய்திச் சேவையைப் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ 1,900 பேரின் தொலைபேசி இலக்கங்கள் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று அச்சேவை அறிவித்தது. செய்தி அனுப்புவதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம், ஒரு பொய்ச் செய்தியினாலேயே ஏமாற்றப்பட்டது.

இவ்வெண்ணம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. பாரத நாட்டில் பெங்களூர் நகரம் இதற்கு உறைவிடமாயிற்று. சிவகுமார் கணேசன் தொடங்கிய எக்ஸோடெல், வெங்கட் பாலசுப்பிரமணியமும் மைக்கேல் ரிக்கோர்டோவும் தொடங்கிய பிளிவோ ஆகிய இரண்டும் 2011 இல் தோன்றியவை. இந்நாடுகளின் வழக்கத்துக்கேற்ற புதுமைகளும் பிறந்தன. மணியை ஒருமுறை அடிக்கவிட்டு நிறுத்திவிட்டால் காசு செலவாகாது. மறுபக்கத்தில் இருப்பவர் குறிப்பை உணர்ந்துகொள்வார். ஏழை மக்கள் தாமாகவே கண்டுபிடித்த இத்தந்திரத்தைக் கணினியோடு இணைத்து, மணியடித்துவிட்டு நிறுத்தியவருக்கு வேண்டிய தகவலைத் திருப்பி அனுப்பும் சேவையைப் பெங்களூரின் சிப்டயல் நிறுவனம் நடத்தியது. 2015 இல் டுவிட்டர் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. காசில்லாதவனின் சிக்கனம் பெருமுதலாளியின் கண்ணுக்கும் விலைமதிப்புள்ளதாகத் தோன்றியது.

இலங்கையில் கைத்தொலைபேசி 1989 இல் வந்தது. 1995 இல் சேவையைத் தொடங்கிய டயலொக் நிறுவனம் பின்னாளில் ஐடியாமார்ட் என்னும் ஒரு மேடையை அமைத்தது. குறுஞ்செய்தி அனுப்புதல், சேவைக்கான சிறு கட்டணத்தைத் தொலைபேசிக் கணக்கிலிருந்தே அறவிடுதல், தொலைபேசி இருக்கும் இடத்தை அறிதல் முதலிய தன் ஆற்றல்களை வெளியிலுள்ள நிரலாளர் பயன்படுத்துவதற்குத் திறந்துவிட்டு, வரும் வருவாயில் அவர்க்கும் ஒரு பங்கு கொடுப்பது அதன் முறை. ட்விலியோ கம்பிக்கு உரிமையாளரல்லாத இடையாள். இங்கேயோ கம்பிக்கு உரியவரே வாசலைத் திறந்தார். வேறுபாடு அவ்வளவே. பெருமுதல் இல்லாத ஓர் இளைஞர், தம் கிராமத்துக்கு வேண்டிய ஒரு சேவையைச் சில நாட்களில் அமைத்துப் பார்க்கலாம் என்ற நிலை இந்நாட்டிலும் உருவாயிற்று.

கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குத் தொலைபேசிச் செய்தி என்ன செய்யும் என்பதற்குக் கேரளக் கரை நல்ல சான்று. 1997க்கும் 2001க்கும் இடையில் வடகேரளத்தின் மீனவர் கைகளுக்குத் தொலைபேசி வந்தபோது நிகழ்ந்த மாற்றத்தைப் பொருளியலறிஞர் ரொபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். தொலைபேசி வருமுன், ஒரு கரையில் வாங்குவாரின்றி மத்தி மீனைக் கடலிற் கொட்டுவர். சில மைலுக்கு அப்பால் இன்னொரு கரையில் மீனின்றி வியாபாரி வெறுங்கையோடு திரும்புவர். தொலைபேசி வந்தபின், மீனவர் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, விற்குமிடம் நோக்கி வள்ளத்தைத் திருப்பினர். வீணாகக் கொட்டும் வழக்கம் ஏறத்தாழ முற்றாக ஒழிந்தது. மீனவரின் இலாபம் 8 வீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருங்கே நன்மை செய்த பொருள் உலகில் அரிது. சரியான நேரத்தில் வந்த செய்தி அதனைச் செய்தது.

சந்தை விலையிலும் மேலானது உயிரின் விலை. 1964 டிசெம்பரில் வீசிய சூறாவளி, பாக்குநீரிணையின் இரு கரைகளையும் தாக்கியது. அக்கரையில் தனுஷ்கோடி அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு வந்த புகைவண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல், ஏற்கெனவே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட கன்னியாகுமரி, கேரள மீனவரைச் சூழ்ந்துகொண்டு நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. எச்சரிக்கை பிறந்தபோது அவர்கள் கைத்தொலைபேசியின் எட்டெல்லைக்கு அப்பால் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கை முழுவதையும் உலுக்கிற்று. கரையிலிருந்து சில மைலுக்கு மேல் கைத்தொலைபேசி பேசாது. ஆகவே வள்ளம் புறப்படுமுன்னரே, எஞ்சினைத் தோளிற் சுமந்து கரைக்கு நடக்கும் அந்த மாலைப்பொழுதிலேயே, எச்சரிக்கை காதில் விழவேண்டும். இதனை உணர்ந்தே 2009 இல், சுனாமி தந்த பாடத்தின் பின், டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்காக, கைத்தொலைபேசிவழி எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை உருவாக்கின. கருவியும் உண்டு, வழியும் உண்டு. எஞ்சியிருப்பது, அவ்வழியே வரும் சொல் எத்தகையது என்ற வினா.

பழைய தந்திக் கணக்கு மீண்டும் தலைகாட்டும் இடம் இதுவே. குறுஞ்செய்திக்கு ஓர் அளவு உண்டு. 1985 இல் ஜெர்மனியின் பொன் நகரில் பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்னும் பொறியியலாளர், தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து மனத்திற் பட்ட வாக்கியங்களை எழுதி எழுதி எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160 எழுத்துகளுக்குள் அடங்கின. அவ்வளவு போதுமென்று முடிவாயிற்று. அந்த அளவு உரோம எழுத்துகளுக்குப் பொருந்தியது. அந்த மேசையிலே தமிழ் இருக்கவில்லை. தமிழெழுத்துகளில் எழுதினால் அதே செய்தியின் கொள்ளளவு 70 குறியீடுகளாகச் சுருங்கிவிடுகிறது. அம்மட்டோடும் நிற்கவில்லை. உயிர்மெய்யின் உடலையும், அதன் மேலேறும் காலையும் கொம்பையும் சுழியையும் புள்ளியையும் இயந்திரம் தனித்தனியே எண்ணுகிறது. பேசாலை என்னும் பெயர் கண்ணுக்கு மூன்றெழுத்து; இயந்திரத்தின் கணக்கில் அது ஆறு.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். “கடல் கொந்தளிப்பாக உள்ளது, தொழிலுக்குச் செல்ல வேண்டாம்.” இவ்வாக்கியம் ஒன்றே, இடைவெளிகளோடு சேர்த்து, 54 குறியீடுகளை எடுத்துக்கொள்கிறது. “மன்னார் முதல் காங்கேசன்துறை வரை” என்று இடத்தையும் சேர்த்தால் எல்லை கடந்துவிடும். ஒரு செய்தி இரண்டாகும். காற்றின் வேகத்தையும் நேரத்தையும் சேர்த்தால் மூன்றாகவும் கூடும். அதே விடயத்தை ஆங்கிலத்திற் சொன்னால் ஒரு செய்தியின் பாதி இடமும் தேவைப்படாது. முகில்வழி நிறுவனமோ செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறது. எனவே ஆயிரக்கணக்கான கடற்றொழிலாளருக்கு அறிவித்தல் அனுப்பும் ஓர் அலுவலகத்தில், கணக்குப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தமிழ் இருமடங்கு மும்மடங்கு செலவாகத் தோன்றும். யாரும் தமிழுக்குப் பகைவராக இருக்கவேண்டியதில்லை. செலவைக் குறைக்கும் நல்லெண்ணமே போதும். செய்தி ஆங்கிலமாகிவிடும், அல்லது உரோம எழுத்தில் எழுதிய அரைகுறைத் தமிழாகிவிடும். அதனை ஒரு முதிய சம்மாட்டியார் வாசிக்கமாட்டாமல் பேரனைத் தேடும் நேரத்தில் வள்ளங்கள் துறையை விட்டுப் புறப்பட்டிருக்கும்.

இக்குறைக்கு மாற்று இல்லாமலில்லை. தமிழ் முதலிய மொழிகளுக்கெனச் சுருங்கிய குறியீட்டு அட்டவணைகள் உலக நியமத்திற் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயினும் அவற்றைக் கைக்கொண்ட கருவிகளும் வலையமைப்புகளும் அரிது. இணையவழிச் செய்திகளில் எழுத்தெண்ணும் தொல்லை இல்லை. ஆனால் அவற்றுக்கு விலைகூடிய தொலைபேசியும் இணைய இணைப்பும் வேண்டும். ஒரு பிரதேசத்திலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே வேளையில் ஒலிபரப்புப் போன்று செய்தி அனுப்பும் முறையும் உண்டு. அதிலே ஆளுக்கொரு செய்தி என்ற கணக்கே எழுவதில்லை. எல்லாவற்றிலும் எளியது, முதலிற் கூறிய ஐந்து வினைச்சொற்களுள் முதலாவது. சொல் என்று ஏவினால் இயந்திரம் சொல்லும். தொடக்கத்தில் மேலைநாட்டு மொழிகளையே அறிந்திருந்த அக்குரல், இன்று தமிழையும் கற்றிருக்கிறது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் குரற்பட்டியலில் இலங்கைத் தமிழுக்கென்றே ஆண் குரலும் பெண் குரலும் இருக்கின்றன. குரலுக்கு எழுத்தெண்ணிக்கை இல்லை; நிமிடக் கணக்கே உண்டு. வாசிக்கத் தெரியாதவரும் கேட்பர். கையில் வலையோடு நிற்பவரும் கேட்பர்.

ஆனால் எந்தக் குரலும் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். வானிலை அலுவலகத்தின் அறிக்கை மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று பேசும்; கரையிலுள்ளவர் வாடை, கச்சான், சோளகம் என்று காற்றின் திசையையும் குணத்தையும் ஒரே சொல்லிற் கூறுவர். எந்த நேரத்தில் வள்ளம் இறங்கும், எந்தப் பருவத்தில் எந்த வலை கடலில் கிடக்கும், எந்தத் திருநாளில் எவரும் தொழிலுக்குப் போகார் என்பவற்றை முகிலுக்குள் இருக்கும் கணினி அறியாது. சான் பிரான்சிஸ்கோவில் இருப்பவர் அறியார். கொழும்பில் இருப்பவரும் முழுமையாக அறியார். அறிந்தவர் பேசாலையிலேயே இருக்கிறார். வலை பொத்தும் தந்தையின் அருகில் அமர்ந்து வளர்ந்து, பாடசாலையில் கணினி கற்று, வேலை தேடித் தென்னிலங்கைக்கோ வெளிநாட்டுக்கோ போக எண்ணியிருக்கும் இளைஞரும் யுவதியருமே அவர்கள்.

இந்த நிறுவனங்களின் வளர்ச்சிக் கதையில் இக்கரைக்கு உரிய பாடம் அங்கேதான் இருக்கிறது. 446 கோடி டொலர் என்பது வேறொருவரின் செல்வம். அதனை வியந்து நிற்பதால் ஒரு வலையும் நனையாது. அச்செல்வம் சேர்ந்த வழியைக் கவனித்தால் பயனுண்டு. பெருங்கம்பனிகள் மட்டும் ஆண்டுவந்த ஒரு கருவியைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டை ஒரு சதத்துக்கு எவருக்கும் விற்றதனால் அது சேர்ந்தது. எவருக்கும் என்ற சொல்லில் பேசாலையும் அடங்கும். ஐந்து வினைச்சொற்களைக் கற்கக் கப்பலேறவேண்டியதில்லை. காலை ஏலத்தில் இன்ன மீன் இன்ன விலைக்குப் போனது என்பதை அயலூர்க் கரைகளுக்குச் சொல்லும் ஒரு குரல், மாலையில் கடலின் நிலையை ஊர்வழக்கிற் சொல்லும் ஒரு குரல், கடலில் வலை அறுபட்டவர் ஓரிலக்கத்தை அழுத்தி முறையிட ஒரு வாசல் ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, இரண்டொரு இளைஞரின் துணையோடு, அமைத்துக்கொள்ளக்கூடிய காலம் வந்துவிட்டது. செலவு பெரிதன்று. எவர் எழுதுவது என்பதே கேள்வி.

அதே வேளையில் எச்சரிக்கையும் வேண்டும். முகில் பிறருடையது, விலைப்பட்டியலும் பிறருடையது, மடை உடைந்தால் வீட்டு இலக்கங்கள் வெளியே பாயும். ஆகவே ஊரவரின் விபரங்களில் வேண்டியதை மட்டுமே முகிலுக்குக் கொடுக்கவேண்டும். ஒரு வழியை மட்டும் நம்பவும் கூடாது. ஆலய மணியும், ஒலிபெருக்கியும், வானொலிப் பெட்டியும், கரையில் ஏற்றும் கொடியும் இன்னும் தம் கடமையை மறந்துவிடவில்லை. அரசின் பங்கும் இருக்கிறது. உயிர் காக்கும் அறிவித்தலுக்கு எழுத்தெண்ணிக் காசு வாங்குவது தகாது என்று தொலைபேசிக் கம்பனிகளோடு பேசி ஒழுங்கு செய்வது அரசின் கையிலேயே உள்ளது. மொழியுரிமை என்று மேடைகளிற் பேசப்படும் பெரிய விடயத்தின் ஒரு சிறு நுனி, 70 குறியீட்டுக் குறுஞ்செய்தி ஒன்றினுள்ளும் அடங்கிக் கிடக்கிறது.

தந்தி வந்த காலத்தில் கம்பி இத்தீவின் வழியே சென்றது. பேசியவரும் கேட்டவரும் பெரும்பாலும் வேறிடத்தவர். மன்னார் வெறும் வழியாக இருந்தது. இன்று வானத்தின் வழியே செல்லும் செய்திக்கு இடைவழி ஊர் என்று ஒன்றில்லை. எந்தக் கரையும் பேசும் கரையாகலாம். அவ்வாறு பேசத் தொடங்கும் நாளில், எண்ணுகின்ற இயந்திரம் பேசாலை என்னும் பெயரை ஆறாக எண்ணினாலும், அதனை எழுதுபவரின் கைக்கு அது மூன்றெழுத்தாகவே இருக்கும்.